வாசலில் கூடாதே: துல்பாக் கிராமத்துச் சீர்திருத்தக் கோவில்

கேப் டவுனிலிருந்து வடகிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் மூன்று பக்கமும் மலை மறித்து நிற்கிற ஒரு பள்ளத்தாக்கு வரும். கோதுமையும் திராட்சையும் விளைகிற பூமி. அங்கே துல்பாக் என்றொரு சிற்றூர், அந்தச் சிற்றூரில் வெள்ளையடித்த பழைய கோவில் ஒன்று. கோவில் என்று நான் சொல்வது நம்மூர்க் கிறிஸ்தவர்கள் சொல்கிற அர்த்தத்தில்தான். கால்வினைப் பின்பற்றிய டச்சுச் சீர்திருத்த சபை 1743இல் கட்டியது. தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலை பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தவறாமல் சொல்வார்கள். எளிமை, தூய்மை, அடக்கமான அழகு என்றெல்லாம் சொல்வார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோவில் வாசலில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அதை எவரும் அஞ்சலட்டைப் படத்துக்குப் பின்னால் அச்சடிப்பதில்லை.

எங்கோ ஆப்பிரிக்காவில் கிடக்கிற ஒரு வெள்ளைக்காரன் கோவிலுக்கும் நமக்கும் என்ன என்று கேட்கலாம். இருக்கிறது. கேப் பகுதிக்கு 1652 தொடங்கி 1808 வரை சுமார் 63,000 பேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் போடும் கணக்கு. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்து ஆட்கள். வங்காளம், மலபார், இலங்கை, நம்முடைய சோழமண்டலக் கரை. டச்சுக் கம்பெனிக்குப் பழவேற்காட்டில் கோட்டை இருந்தது, 1658இலிருந்து நாகப்பட்டினமும் அவர்கள் கையில். 1659-61லும், 1670களிலும், 1680களிலும், 1694-96லும் பஞ்சமும் படையெடுப்பும் வந்தபோதெல்லாம் இந்தத் துறைமுகங்களிலிருந்து ஆட்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். பெரும்பகுதி பட்டேவியாவுக்கும் இலங்கைக்கும் போனது, ஒரு பகுதி கேப்புக்கு. பஞ்சம் வந்தால் நம்மூரில் முதலில் விலைபோகிறவன் யார் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலம் இருக்கிறவன் நிலத்தை விற்பான். நிலமில்லாதவனிடம் என்ன இருக்கும், பிள்ளைதான் இருக்கும்.

கப்பல் இறங்கினதும் பேர் மாறிடும். சொந்தப் பேரு என்னவென்று எவன் கேட்டான்? இறங்கிய மாதத்தையே பேராக வைத்துவிடுவான்: ஜனவரி, பிப்ரவரி, செப்டம்பர். அல்லது பைபிளிலிருந்தோ கிரேக்கக் கதையிலிருந்தோ வேடிக்கைக்கு ஒரு பேர். பின்னால் ஒட்டு: 'வான் பெங்காலென்', 'வான் மலபார்', 'வான் டெ குஸ்ட்'. இந்தக் கடைசிப் பேருக்குக் 'கரையிலிருந்து வந்தவன்' என்று அர்த்தம். எந்தக் கரை? சோழமண்டலக் கரைதான். அந்த மாதப் பேர்கள் இன்னமும் கேப் பகுதியில் குடும்பப் பேர்களாக வழங்குகின்றன. பண்ணையார் வைத்த பேரைச் சுமந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் ஆட்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

நிலத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். கோவில் கட்டினவன் நிலத்தை வானத்திலிருந்து இறக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கும் சுற்று நிலங்களும் கோய்கோய் மேய்ப்பர்கள் மாடு ஓட்டிப் போய்வந்த இடம். மலைகளில் சான் மக்கள். 1670களில் டச்சுக்காரர்கள் கொச்சோக்வா கோய்களோடு சண்டையிட்டு அவர்களுடைய மாடுகளைப் பறித்தார்கள். 1699இல் ஆளுநர் வில்லெம் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வாவெரென் நாடு என்று பேர் வைத்துக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டான். கோய்கள் சும்மா விடவில்லை, குடியேறிகளின் மாடுகளைத் திரும்ப ஓட்டிப் போனார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் இது 'திருட்டு' என்று பதிவாகியிருக்கிறது. 1713இல் கப்பல் வழி வந்த பெரியம்மை கோய்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மிஞ்சினவர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்திலேயே வெள்ளைக்காரனின் பண்ணைக்கு மாடு மேய்க்கிறவர்களானார்கள். சட்டப்படி அடிமை கிடையாது, ஆனால் வாழ்க்கைக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவில் ஒரு நூலிழைதான்.

1743இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் வான் இம்ஹோஃப் பட்டேவியா போகிற வழியில் கேப்பில் இறங்கினான். உள்நாட்டுப் பண்ணைக்காரர்கள் சபை இல்லாமல், போதகர் இல்லாமல் காட்டுமிராண்டிகளாகி வருகிறார்கள் என்று கவலைப்பட்டான். அவன் முயற்சியில்தான் ரோடெசாண்ட் சபை உருவானது. ரோடெசாண்ட் என்றால் செம்மணல், ஊருக்கு அப்போது அதுதான் பேர். கேப் டவுன், ஸ்டெலன்போஷ், டிராகன்ஸ்டைன் ஆகியவற்றுக்கு அடுத்து நாலாவது சபை. அவன் கவலை வெள்ளைக்காரர்களின் ஆன்மாவைப் பற்றியது மட்டுமே என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கட்டடம். சிலுவை வடிவத் தரைத்திட்டம். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளை அடி. கூரைச் சரிவுக்கு முன்னால் வளைந்து வளைந்து ஏறுகிற முகப்புச் சுவர். கேப் டச்சுப் பாணி என்று பேர்போன முகப்பு அதுதான். கோபுரம் கிடையாது. கிராமத்துப் பண்ணை வீட்டையே கொஞ்சம் பெரிதாக்கிக் கோவிலாக்கியது போலிருக்கும். கேப்பில் கொத்து வேலையும் தச்சு வேலையும் பெரும்பாலும் அடிமைகள் கையில் இருந்தன. ஆசியாவிலிருந்து வந்த அடிமைகளில் கைவேலை தெரிந்தவர்களுக்கு விலை அதிகம். இந்தப் பாணிக்கு டச்சு என்று பேர் வந்தது வீட்டுக்குச் சொந்தக்காரனை வைத்து. சாந்து பூசினவனை வைத்துப் பேர் வைத்திருந்தால் வேறு பேர்தான் வந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோவிலை ராஜராஜன் கட்டினான் என்கிறோமே, அதே கணக்குதான்.

சீர்திருத்த சபைக் கோவிலின் உள்ளமைப்பு ஒரு கொள்கையைச் சொல்கிறது. கத்தோலிக்கக் கோவில்போல் கிழக்குக் கோடியில் பலிபீடம், கம்பிக்கு அந்தப் பக்கம் குருவானவர், இந்தப் பக்கம் ஜனங்கள் என்பது இல்லை. சொரூபம் இல்லை, படம் இல்லை, மெழுகுவர்த்தி வரிசை இல்லை. பிரசங்க பீடம்தான் மையம். எல்லோர் முகமும் அதை நோக்கி. இராப்போசனம் என்றால் பீடத்தில் நடக்கிற பலி இல்லை, ஒரு மேசையைப் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அப்பமும் ரசமும் பகிர்ந்து சாப்பிடுவது. குருக்கள் என்ற சாதி ஒழிந்தது, விசுவாசிகள் எல்லோரும் குருக்களே என்பது சீர்திருத்தத்தின் அடிப்படைப் பேச்சு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பார்ப்பனப் புரோகிதத்தை எதிர்த்துப் பேசுகிற நமக்கு இந்தக் கட்டடத் திட்டம் முதல் பார்வையில் பிடித்துப்போகும். கருவறை இல்லாத கோவில் அல்லவா.

ஆனால் கருவறையை எடுத்துவிட்டால் தீட்டு போய்விடுமா? அது நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கேப் பகுதிக் கோவில்களில் சுவரோரம் ஆண்களுக்குப் பெஞ்சுகள். மூப்பர்களுக்கும் டீக்கன்மார்களுக்கும் தனி இருக்கை, அதிகாரிகளுக்குத் தனி. நடுவில் பெண்கள் அவரவர் நாற்காலியில், புருஷனுடைய பதவி வரிசைப்படி. யார் மனைவி யாருக்கு முன்னால் உட்காருவது என்று வழக்கு வரைக்கும் போயிருக்கிறது. அந்த அம்மாமார்களின் நாற்காலியையும், குளிர்காலத்தில் காலுக்குக் கீழே வைக்கிற கணப்புப் பெட்டியையும், சங்கீதப் புத்தகத்தையும் பின்னால் சுமந்துகொண்டு வருவது அடிமை. அடிமைக்குச் செருப்பு கிடையாது. வெறுங்காலோடுதான் வர வேண்டும், அது அடிமையின் அடையாளம். நாற்காலியைப் போட்டுவிட்டு அந்த ஆள் எங்கே போவது? சில கோவில்களில் பின்னால் ஓரமாகவோ மாடத்திலோ இடம். இல்லையென்றால் வெளியே.

வெளியே நின்றாலும் குற்றம். இதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன சட்டம். 1751 முதல் 1771 வரை கேப் ஆளுநராக இருந்தவன் ரைக் துல்பாக். 1754இல் அடிமைகள் பற்றிய உத்தரவுகளைத் திரட்டி ஒரு தொகுப்பாக வெளியிட்டான். ராத்திரி 10 மணிக்கு மேல் விளக்கில்லாமல் அடிமை தெருவில் நடமாடக் கூடாது. ராத்திரியில் பாடக் கூடாது, சீட்டியடிக்கக் கூடாது. தெருவில் குதிரை, வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு மூன்று அடிமைகள் வழியில் நின்று பேசினால் பிரம்படி. எஜமான் மேல் கை ஓங்கினால் மரணம். இந்த வரிசையில் ஒன்று: ஆராதனை நடக்கும் நேரத்தில் அடிமைகள் கோவில் வாசல் பக்கம் கூட்டமாக நிற்கக் கூடாது.

அடுத்த வருசம், 1755இல், அதே ஆளுநர் ஆடம்பரத் தடைச் சட்டம் என்று ஒன்று போட்டான். யார் பட்டு உடுத்தலாம், யார் குடை பிடிக்கலாம் என்று அந்தஸ்துப்படி அதில் விதி. நம்மூரில் குடைக்கும் செருப்புக்கும் எத்தனை பேர் அடி வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படித்தால் இது டச்சுச் சட்டமா நாஞ்சில் நாட்டுச் சட்டமா என்று சந்தேகம் வரும். 1804இல் ரோடெசாண்டுக்கு அரசு அலுவலகம் வந்தபோது இந்த ஆளுநரின் பேரைத்தான் ஊருக்குச் சூட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் அவனை 'தகப்பன் துல்பாக்' என்று அன்போடு அழைத்தார்கள். ஆக, 1743இல் கட்டிய கோவில் நிற்கிற ஊர், கோவில் வாசலிலிருந்து அடிமையை விரட்டினவன் பேரைத் தாங்கி நிற்கிறது.

ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்றால் அங்கேயும் ஒரு முடிச்சு. ஞானஸ்நானம் பெற்ற அடிமையை விற்கக் கூடாது என்று 1770இல் பட்டேவியாவிலிருந்து உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான், ஆனா விளைவு தலைகீழ். விற்க முடியாத சரக்கை எவன் விரும்புவான்? அடிமைகளை வேதத்தின் பக்கமே போகவிடாமல் எஜமான்கள் பார்த்துக்கொண்டார்கள். 1812இல் ஆங்கிலேய ஆட்சி அந்த விதியை எடுத்துவிட்டது, அதாவது ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பதற்காக விற்கிற உரிமையைத் திருப்பிக் கொடுத்தது! இதற்குள் அடிமைகளில் ஏராளமானவர்கள் இஸ்லாத்துக்குப் போயிருந்தார்கள். வாசலில் நிற்காதே என்றவனை விட்டுவிட்டு, உள்ளே வந்து உட்கார் என்றவனிடம் போனார்கள். மதம் மாறுகிறவனைப் பார்த்து ஏன் மாறினாய் என்று கேட்பவர்கள், அவனை வெளியே நிறுத்தினவனை ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதில்லை. மீனாட்சிபுரத்தில் 1981இல் நடந்ததும் இதேதான்.

இந்தக் கோவிலின் பிரசங்க பீடத்தில் ஒரு விதிவிலக்கான ஆள் ஏறியிருக்கிறார். மிகீல் கிறிஸ்தியான் வோஸ். 1759இல் கேப் டவுனில் பிறந்தவர், அடிமை வம்சத்து ரத்தமும் அவர் குடும்பத்தில் உண்டு என்கிறார்கள். ஹாலந்தில் படித்து, அங்கே சில சபைகளில் வேலை பார்த்துவிட்டு 1794இல் ரோடெசாண்டுக்குப் போதகராக வந்தார். வந்ததும் அடிமைகளுக்கும் போதிக்க வேண்டும், அது எஜமான்களின் கடமை என்று வெளிப்படையாகப் பேசினார். சபையார் முணுமுணுத்தார்கள். படிப்பு ஏறினால் திமிர் ஏறும் என்ற வாதம் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அவர் விடாமல் அடிமைகளுக்கும் கோய்களுக்கும் தனியாக வகுப்பு நடத்தினார். 1799இல் கேப் டவுனில் தென்னாப்பிரிக்க மிஷன் சங்கம் தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. அந்தச் சங்கம் 1804இல் அடிமைகளுக்காக லாங் தெருவில் கட்டிய மன்றம் இன்றும் இருக்கிறது.

வோஸ் 1802இல் ரோடெசாண்டை விட்டுப் போனார். போன இடம் எது தெரியுமா? லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1805 வாக்கில் இலங்கை. அவரோடு வந்த பால்ம் என்பவர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வேலை செய்தார். வோஸுக்கும் இலங்கையில் இருந்த டச்சுச் சபைத் தலைவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. திரும்பிப் போய் கேப்பிலேயே கேலடன் என்ற ஊரில் போதகராகி, 1825இல் இறந்தார். அவரைப் புனிதராக்க நான் இதைச் சொல்லவில்லை. அடிமைகளுக்குப் போதிக்கச் சொன்னார், அடிமைத்தனத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. வகுப்பு தனியாக நடந்தது, கட்டடம் தனியாக வந்தது. கருணையோடு தொடங்கிய அந்தத் 'தனி' பிறகு என்ன வேலை செய்தது என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான இடம்.

அதற்கு முன் அடிமைகள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், சும்மா வாசலில் காத்துக்கொண்டிருக்கவில்லை. துல்பாக்குக்கு மேலே மலை தாண்டினால் பொக்கவெல்ட் மேட்டுநிலம். 1825இல் அங்கே ஹௌட் டென் பெக் என்ற பண்ணையில் காலண்ட் என்ற அடிமையின் தலைமையில் கலகம். விடுதலை வரப்போகிறது, எஜமான்கள் மறைக்கிறார்கள் என்ற பேச்சு அவர்கள் காதில் விழுந்திருந்தது. பண்ணைக்காரன் உட்பட மூன்று வெள்ளையர் கொல்லப்பட்டார்கள். காலண்டைத் தூக்கிலிட்டுத் தலையை வெட்டிப் பொதுவில் நட்டுவைத்தார்கள். அந்தப் பண்ணையின் பேருக்கு அர்த்தம் 'வாயை மூடு'. நானாகச் சேர்த்த கற்பனை இல்லை, பேரே அதுதான்.

1834 டிசம்பர் 1இல் அடிமைத்தனம் சட்டப்படி முடிந்தது. பயிற்சிக் காலம் என்று சொல்லி மேலும் நாலு வருசம் அதே எஜமானிடம் கட்டிப்போட்டார்கள், உண்மையான விடுதலை 1838 டிசம்பர் 1இல். நிலம் கிடைக்கவில்லை. நஷ்ட ஈடு கொடுத்தார்கள், எஜமானுக்கு. துல்பாக் பக்கம் ஜெர்மானிய ரேனிஷ் மிஷன் வேலை செய்தது, ஸ்டெய்ன்தால் என்ற மிஷன் நிலையம் வந்தது. விடுதலையானவர்கள் அங்கே போனார்கள், அல்லது பண்ணையிலேயே கூலிகளாகக் கிடந்தார்கள். கூலியில் ஒரு பகுதியைச் சாராயமாக அளந்து கொடுக்கும் முறையும் இந்தத் திராட்சைப் பள்ளத்தாக்குகளில் வேரூன்றியது. அதற்குத் 'டாப்' முறை என்று பேர்.

இப்போது அந்த மேசைக்கு வருவோம். 1829இல் கேப் சபை மன்றத்துக்கு ஒரு கேள்வி வந்தது. சாமர்செட் பகுதியில் பெந்தூரா விசர் என்ற கலப்பினத்தவர் மற்றவர்களோடு சேர்ந்து இராப்போசனம் எடுக்க வந்தார், வெள்ளையர் சிலர் ஆட்சேபித்தார்கள். மன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது: நிறமோ பிறப்போ பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றாகவே இராப்போசனம், இது வேதத்தின் மேல் நிற்கிற கொள்கை, இதில் விவாதத்துக்கே இடமில்லை. நாலு வருசம் கழித்து, 1833இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் நம் பகுதிச் சபைகளுக்குச் சாதியை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டோம் என்று சபையை விட்டு வெளியேறினார்கள். இரண்டு கடற்கரை, ஒரே பாத்திரம், ஒரே சண்டை.

கேப்பில் வெளியேறத் தேவையே இருக்கவில்லை, சபையே வளைந்துகொடுத்தது. கிழக்கு எல்லையில் ஸ்டாக்கென்ஸ்ட்ரோம் சபை கோய் மக்களுக்காக உருவானது. 1850களின் கலகத்துக்குப் பிறகு அவர்கள் நிலத்தைப் பிடுங்கி வெள்ளையரைக் குடியேற்றினார்கள். பின்னால் வந்த அந்த வெள்ளையர்கள் 1855இல் எங்களுக்குத் தனி இராப்போசனம் வேண்டும் என்று மனுப் போட்டார்கள். விவகாரம் 1857 மன்றத்துக்கு வந்தது. மன்றம் சொன்னதன் சாரம் இது: எல்லோரும் ஒரே சபையில் இருப்பதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, தேவைப்படுகிற இடங்களில் மற்றவர்களுக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை நடத்தலாம்.

சிலருடைய பலவீனம். எவ்வளவு பதவிசான சொல்! பலவீனம் இருப்பது வெள்ளைக்காரனுக்கு, வெளியே போக வேண்டியது கறுப்பன். இந்தச் சலுகை சீக்கிரமே வழக்கமாயிற்று, வழக்கம் சட்டமாயிற்று. 1881இல் கலப்பினத்தவருக்கென்று டச்சுச் சீர்திருத்த மிஷன் சபை தனியாக அமைந்தது, பிறகு ஆப்பிரிக்கருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. கேப்பின் கிராமத்துக்குக் கிராமம் இதன் கட்டட வடிவத்தைப் பார்க்கலாம். ஊர் நடுவில் சதுக்கம், அதில் தாய்ச் சபையின் பெரிய கோவில். சரிவில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லது ஊர்க் கோடியில் மிஷன் சபையின் சின்னக் கோவில், கூரைக்குத் தகரம். ஊர், சேரி என்று நாம் சொல்வதை அவர்கள் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் பக்கம் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிச் சிறகு வைத்துக் கட்டிய கத்தோலிக்கக் கோவிலின் நடுச்சுவரை 1910இல் இடித்தார்கள். கேப்பில் சுவர் எழுப்பவே இல்லை, கோவிலையே இரண்டாக்கிவிட்டார்கள். 1948இல் வந்த அப்பார்த்தைட் அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சபை 91 வருசமாகப் பழக்கி வைத்திருந்ததை 1950இல் குழுப் பகுதிச் சட்டமாக நாட்டுக்கே நீட்டினார்கள்.

துல்பாக் கோவிலுக்குப் பிறகு புதுக் கோவில் வந்தது, பழையது அருங்காட்சியகமாயிற்று. 1969 செப்டம்பர் 29 ராத்திரி பெரிய பூகம்பம். ஊர் இடிந்தது. அதற்கப்புறம் கோவில் தெருவில் 32 வீடுகளைப் பழைய மாதிரியே புதுப்பித்து, அத்தனையையும் தேசியச் சின்னங்களாக அறிவித்தார்கள். நடுவில் யாரோ போட்ட தகரக் கூரை, இரும்பு வராந்தா எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெள்ளைச் சுவரும் வளைந்த முகப்புமாக ஒரே சீராக்கினார்கள். வேலை சுத்தம், கட்டடக்காரர்கள் பாராட்டுவது நியாயம். ஆனால் இது நடந்தது 1970களில், குழுப் பகுதிச் சட்டம் உச்சத்தில் இருந்தபோது. கேப் டவுனின் ஆறாவது வட்டாரத்தில் 60,000 பேரை வெளியேற்றி வீடுகளை இடித்துக்கொண்டிருந்த அதே அரசு, இங்கே செங்கல் செங்கலாகப் பழமையைக் காப்பாற்றியது. எந்தப் பழமை காக்க வேண்டியது, எது இடிக்க வேண்டியது என்பதை இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

மேசையை மறுபடி கேட்டவர்கள் சரிவில் இருந்த அந்தத் தகரக் கூரைச் சபைக்காரர்கள்தான். 1982இல் கனடாவின் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு அப்பார்த்தைட்டுக்கு வேத நியாயம் சொல்வது வேதப்புரட்டு என்று அறிவித்து, வெள்ளையர் சபையின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மிஷன் சபைப் போதகர் ஆலன் பூசாக். அதே வருசம் மிஷன் சபை கேப் டவுன் அருகே பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது, 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. பிறப்பை வைத்து சபையைப் பிரிப்பது பாவம், கடவுள் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். ஒதுக்கித் தள்ளப்பட்டவர்கள் ஒதுக்கினவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தார்கள். 1994 ஏப்ரலில், நாட்டில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் நடந்த அதே மாதம், மிஷன் சபையும் ஆப்பிரிக்கர் சபையும் சேர்ந்து ஐக்கியமாகும் சீர்திருத்த சபையாயின. ஐக்கியமான என்று பேர் வைக்கவில்லை, ஐக்கியமாகும் என்று வைத்தார்கள்.

வெள்ளையர் சபை 1986இல் கதவு எல்லோருக்கும் திறந்ததென்றது, பிறகு மன்னிப்பும் கேட்டது. பெல்ஹார் அறிக்கையைத் தன் அடிப்படை விசுவாசமாக ஏற்கும் விசயம் பிராந்திய மன்றங்களில் போதிய வாக்குக் கிடைக்காமல் நின்றுபோனது. இணைப்புப் பேச்சு வருசக்கணக்காக நடக்கிறது. இரண்டு சபையும் இன்னும் இரண்டாகத்தான் இருக்கின்றன.